சட்டமன்றத் தீர்மானமும் முகாம் தமிழர் குடியுரிமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை (சி.ஏ.ஏ.) திரும்பப் பெறச் சொல்லி 2021 செப்டம்பர் 8 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அதற்குப் பிறகு தேர்தல் நெருங்கும்போதும், இலங்கைத் தமிழ் அகதிகள் வாழும் முகாம்களைப் பற்றிச் செய்தி வரும்போதும், திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் என்னிடம் வருகின்றன. முகாம் பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் பழக்கம் இருப்பதால் அவர்கள் கேட்கிறார்கள். எங்கள் தெருக் கட்சிக்காரர்களும் கேட்கிறார்கள். கேட்டவர்கள் சொன்னபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எனக்குக் கட்சி கிடையாது. இந்த மக்களுக்குக் குடியுரிமை கொடுத்தாக வேண்டும் என்ற பக்கம்தான் நான், அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

முதல்ல இந்த சி.ஏ.ஏ.ன்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் 2019 டிசம்பரில் நாடாளுமன்றம் செய்த திருத்தம். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31ஆம் தேதிக்குள் வந்துவிட்ட இந்துக்கள், சீக்கியர்கள், பௌத்தர்கள், சமணர்கள், பார்சிகள், கிறித்தவர்கள் ஆகியோரை 'சட்டவிரோதக் குடியேறி' என்று கருதக் கூடாது என்கிறது. மற்றவர்கள் 11 ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்றால் இவர்களுக்கு 5 ஆண்டு போதும். 2020 ஜனவரி 10 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கான விதிகள் வெளியானது 2024 மார்ச் 11இல்.

மதங்களின் வரிசையில் இஸ்லாம் இல்லை. நாடுகளின் வரிசையில் இலங்கை இல்லை. வட மாநிலங்களில் முதல் விடுபடலை வைத்துப் போராட்டம் நடந்தது. தமிழ்நாட்டில் இரண்டையும் சேர்த்தே பேசினார்கள்.

முகாம்ல இருக்கிறவங்க எல்லாம் போர் முடிஞ்சதும் போயிட்டாங்கன்னு நெனச்சேன். இன்னுமா இருக்காங்க?

இருக்கிறார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அலை அலையாக வந்தவர்கள் மொத்தம் 3,04,269 பேர் என்று 2021 ஆகஸ்டில் அரசு சட்டமன்றத்தில் கணக்குச் சொன்னது. ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் பல்லாயிரம் பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சிலர் வெளிநாடு போனார்கள், சிலர் தாங்களாகவே ஊர் திரும்பினார்கள். அந்தக் கணக்குப்படி முகாம்களில் மிச்சம் இருந்தவர்கள் 58,822 பேர். காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வெளியே வாடகை வீட்டில் இருந்தவர்கள் 34,087 பேர்.

முகாமுக்குள் போய்ப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பல முகாம்களில் ஒரு குடும்பத்துக்குப் பத்துக்குப் பத்து அடியில் ஒரு அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை, அதிலேயே பிள்ளையின் செமஸ்டர் படிப்பு. ஆண்களில் பெரும்பாலோருக்குப் பெயின்டிங் வேலை. பொறியியல் முடித்த பையனும் கடைசியில் அதே சாரத்தில்தான் ஏறுகிறான், ஏனென்றால் கம்பெனியில் பாஸ்போர்ட் கேட்கிறார்கள், அரசு வேலைக்குக் குடிமகனாக இருக்க வேண்டும். வருவாய்த் துறைக்காரர்கள் ஆள் கணக்கெடுக்க வரும் நாளில் குடும்பமே முகாமில் நிற்க வேண்டும். கோயம்புத்தூரில் சுவருக்கு முதல் பூச்சு அடித்துக்கொண்டிருப்பவர் அதற்காகக் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறுவார். வராவிட்டால் பணக்கொடை, அதாவது அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகை, நின்றுபோகும் என்ற பயம்.

அன்னைக்கு சட்டமன்றத்துல என்னதான் நடந்துச்சு?

முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலினே அரசினர் தீர்மானமாகக் கொண்டுவந்தார். அகதியாக வருகிறவரை மதம் பார்த்தும் நாடு பார்த்தும் பிரிக்கிறது, அரசமைப்பின் மதச்சார்பின்மைக்கு ஒவ்வாது, இலங்கைத் தமிழருக்கு வஞ்சகம் செய்கிறது, ஆகவே மத்திய அரசு ரத்து செய்ய வேண்டும் என்பது தீர்மானத்தின் சாரம். காங்கிரஸ், விடுதலைச் சிறுத்தைகள், இரு கம்யூனிஸ்ட் கட்சிகள் உள்ளிட்ட கூட்டணிக் கட்சிகள் ஆதரித்தன. 234 பேர் கொண்ட அவையில் பா.ஜ.க.வுக்கு இருந்தவர்கள் 4 பேர். அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்து வெளிநடப்புச் செய்தார்கள். அ.தி.மு.க. உறுப்பினர்கள் வேறொரு பிரச்சினைக்காக முன்பே வெளிநடப்புச் செய்திருந்ததால் தீர்மானம் எடுக்கப்பட்டபோது அவையில் இல்லை.

ஆக, எதிர்த்து ஒரு வாக்குகூட விழாமல் தீர்மானம் நிறைவேறியது. இந்த அமைதியை எல்லாக் கட்சியும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 66 உறுப்பினர்கள் கொண்ட எதிர்க்கட்சி அவையில் இருந்து, ஆதரவா எதிர்ப்பா என்று பதிவு செய்யும்படி ஆகியிருந்தால் அந்த விவாதம் இன்னும் பயன்பட்டிருக்கும்.

அ.தி.மு.க. இதை எதிர்த்துச்சா, ஆதரிச்சுச்சா? ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

இரண்டையும் செய்திருக்கிறது, வெவ்வேறு நேரத்தில். 2019 டிசம்பர் 11 அன்று மாநிலங்களவையில் மசோதா 125க்கு 105 என்ற வாக்கில் நிறைவேறியது. அந்த 125இல் அ.தி.மு.க. உறுப்பினர்கள் 11 பேர், பா.ம.க.வின் அன்புமணி ராமதாஸ் ஒருவர். இந்தப் பன்னிரண்டையும் அந்தப் பக்கமிருந்து எடுத்து இந்தப் பக்கம் வையுங்கள்: 113க்கு 117. மசோதா தோற்றிருக்கும். தி.மு.க. ஊர் ஊராக மேடையில் சொன்ன கணக்கு இதுதான், கணக்கில் பிழை இல்லை.

2020 தொடக்கத்தில் எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. இதே மாதிரி தீர்மானம் கொண்டுவரக் கேட்டபோது சபாநாயகர் தனபால் அனுமதிக்கவில்லை. தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்தால் பாதிக்கப்பட்ட ஒருவரைக் காட்ட முடியுமா என்று அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அவையில் கேட்டார். பிறகு 2021 தேர்தல் அறிக்கையில் அதே அ.தி.மு.க., சி.ஏ.ஏ.வைக் கைவிடும்படி மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று எழுதியது. இடையில் நடந்தவை வண்ணாரப்பேட்டைப் போராட்டம், வாசலில் கோலம் போட்டவர்களைப் பெசன்ட் நகரில் போலீஸ் பிடித்துப்போனது, சிறுபான்மை வாக்குகள் கைவிட்டுப் போகும் என்று மாவட்டச் செயலாளர்கள் பட்ட கவலை. மனம் மாறியதைக் குறை சொல்ல மாட்டேன். மாறியதை அவையில் நின்று சொல்லியிருக்க வேண்டும்.

பா.ஜ.க. சொல்றதுலயும் நியாயம் இருக்கு இல்லையா?

அவர்கள் வாதத்தை நேர்மையாகவே வைக்கிறேன். ஒன்று, இந்தச் சட்டம் எந்த இந்தியக் குடிமகனின் குடியுரிமையையும் பறிக்கவில்லை. இன்னொன்று, அந்த மூன்று நாடுகளும் இஸ்லாத்தை அரச மதமாகக் கொண்டவை, அங்கே சிறுபான்மையினர் மதத்துக்காகத் துன்புறுத்தப்படுகிறார்கள். இலங்கைத் தமிழரைப் பொறுத்தவரை, 1964 முதல் 2008 வரை இந்திய வம்சாவளித் தமிழர் 4.61 லட்சம் பேருக்கு ஏற்கெனவே குடியுரிமை கொடுத்தாயிற்று என்கிறது மத்திய அரசு.

முதல் வாதம் சட்டத்தின் எழுத்தளவில் சரி. இரண்டாவதில் ஓட்டை இருக்கிறது. இலங்கை அரசமைப்பின் 9ஆவது பிரிவு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. அங்கிருந்து ஓடிவந்தவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள், கணிசமானோர் கிறித்தவர்கள். மதச் சிறுபான்மையினரைக் காப்பதுதான் நோக்கம் என்றால் பக்கத்தில் இருக்கும் இந்த நாட்டை விட்டதற்குக் காரணம் சொல்ல வேண்டும். 4.61 லட்சம் என்ற கணக்கு ஓர் ஒப்பந்தத்தின்படி நடந்தது. அதில் விடுபட்டவர்களில் சிலர் இன்றைக்கும் முகாமில் இருக்கிறார்கள். கீழே மலையகத் தமிழர் கேள்வியில் அதைப் பார்க்கலாம்.

தி.மு.க. மட்டும் என்ன செஞ்சுச்சு? மத்தியில இத்தனை வருஷம் மந்திரியா இருந்தாங்களே!

கேட்க வேண்டிய கேள்வி. 2009இல் காஞ்சிபுரத்தில் நடந்த அண்ணா நூற்றாண்டு மாநாட்டில் முகாம் தமிழருக்குக் குடியுரிமை வேண்டும் என்று தி.மு.க. தீர்மானம் போட்டது. அப்போது மத்திய அமைச்சரவையில் அக்கட்சிக்கு இடம் இருந்தது, 2013 மார்ச் வரை இருந்தது. குடியுரிமைச் சட்டத்தில் ஒரு வரி மாறவில்லை. முகாமில் இருக்கும் பெரியவர்கள் இதை மறக்கவில்லை. கூட்டணிப் பேரத்தில் இலாகாக்களைக் கேட்ட வேகத்தில் இதையும் கேட்டிருந்தால் நடந்திருக்கும் என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

2022 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தி.மு.க. தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில் இலங்கைத் தமிழரை விட்டதை முக்கிய வாதமாக வைத்தது. பிந்தி வந்தாலும் சரியான இடத்தில் வைத்த வாதம்.

சட்டமன்றத்துல தீர்மானம் போட்டாச்சுல்ல, அப்ப இங்க அந்தச் சட்டம் செல்லாதுதானே?

செல்லும். அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று மூன்று. குடியுரிமையும் அயல்நாட்டவரும் மத்தியப் பட்டியலில் 17ஆவது இனம். நாட்டுக்குள் வருவது, வெளியேற்றுவது, பாஸ்போர்ட், விசா ஆகியவை 19ஆவது இனம். இவற்றில் சட்டம் போட மாநிலத்துக்கு அதிகாரமே இல்லை.

ஜல்லிக்கட்டோடு ஒப்பிட்டுக் கேட்பவர்கள் அதிகம். 2017 ஜனவரி 23 அன்று சட்டமன்றம் மசோதாவே நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வாங்கியது. விலங்குவதைத் தடுப்பு பொதுப் பட்டியலில் இருப்பதால் அது முடிந்தது. குடியுரிமையில் அந்தக் கதவு கிடையாது. அவையால் முடிந்தது, மத்திய அரசைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானம் மட்டும்.

'இங்க அமல்படுத்த விட மாட்டோம்'னு சொன்னாங்களே, அது முடியுமா?

2024இல் விதிகள் வந்ததும் மு.க.ஸ்டாலின் அப்படிச் சொன்னார். மத்திய அரசு இதை எதிர்பார்த்தே விதிகளை எழுதியிருக்கிறது. வழக்கமாகக் குடியுரிமை விண்ணப்பம் மாவட்ட ஆட்சியர் வழியாகப் போகும். சி.ஏ.ஏ.வுக்குத் தனி இணையதளம். மாவட்ட அளவில் விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் குழுவுக்குத் தலைவர் அஞ்சல் துறைக் கண்காணிப்பாளர். மேலே உள்ள குழுவுக்குத் தலைவர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இயக்குநர். மாநில உள்துறைக்கு அதில் அழைப்பாளர் என்ற இடம் மட்டும். ஆட்சியர் ஒத்துழைக்காவிட்டாலும் கோப்பு நகரும்.

அப்ப தீர்மானம் வெறும் காகிதம்தானா?

காகிதம்தான், ஆனால் கனமுள்ள காகிதம். முதலில் கேரளம் 2019 டிசம்பர் 31இல் தீர்மானம் போட்டது. பிறகு பஞ்சாப், ராஜஸ்தான், மேற்கு வங்கம், புதுச்சேரி, தெலங்கானா என்று வரிசையாக வந்தன. கேரளம் ஒரு படி மேலே போய் அரசமைப்பின் 131ஆவது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு மீது வழக்கே தொடுத்தது. நீதிமன்றத்தில் வாதிடும்போது மாநில மக்கள் பிரதிநிதிகளின் நிலைப்பாடு இது என்று காட்ட ஒரு ஆவணம் வேண்டும். தீர்மானம் அந்த ஆவணம்.

தமிழ்நாட்டுத் தீர்மானம் இலங்கைத் தமிழரை முன்னால் வைத்துப் பேசியது. டெல்லியில் நடந்த விவாதத்தில் கிட்டத்தட்ட விடுபட்டே போயிருந்த ஒரு கூட்டத்தைச் சட்டமன்ற ஆவணத்தில் ஏற்றியதற்காக நான் அந்த நாளை மதிக்கிறேன்.

110 விதியில அறிவிச்சாங்கன்னு சொல்றாங்களே. தீர்மானமும் அதுவும் ஒண்ணா?

வேறு வேறு. சட்டமன்ற விதி 110இன் கீழ் அமைச்சர் அறிக்கை வாசிப்பார், அதன் மீது விவாதம் கிடையாது. அரசு தன் கையில் உள்ள பணத்தையும் அதிகாரத்தையும் வைத்துச் செய்யப்போவதை அதில் சொல்லும். 2021 ஆகஸ்ட் 27 அன்று வந்த அறிவிப்பு 317.40 கோடி ரூபாய்க்கானது. பழுதான 7,469 வீடுகளை இடித்துக் கட்டுவது, பணக்கொடையைக் குடும்பத் தலைவருக்கு 1,000இலிருந்து 1,500 ஆகவும், மற்ற பெரியவர்களுக்கு 750இலிருந்து 1,000 ஆகவும், பிள்ளைகளுக்கு 400இலிருந்து 500 ஆகவும் உயர்த்துவது, மாணவர் கல்விச் செலவு என்று பல இருந்தன. மறுநாள் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. நவம்பரில் வேலூர் மேல்மொணவூரில் வீடு கட்டும் வேலை தொடங்கியது.

முகாம்வாசிகளைக் கேட்டால் தீர்மானத்தைவிட இந்த அறிவிப்பைத்தான் முதலில் சொல்வார்கள். மழைக்கு ஒழுகாத கூரை கண்ணுக்குத் தெரியும். ஆனால் புது வீட்டிலும் அவர்கள் அயல்நாட்டவராகத்தான் குடியேறுகிறார்கள்.

நான் முகாமிலதான் பிறந்தனான். ராமநாதபுரம் ஆஸ்பத்திரிச் சான்றிதழும் இருக்கு. நான் இந்தியனா இல்லையா அண்ணா?

பிறந்த தேதியைப் பொறுத்தது, தம்பி. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் குடிமகன். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்திருந்தால் தாய் தந்தையரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்திருந்தால் ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமலும் இருக்க வேண்டும்.

நடைமுறையில் இது எங்கே இடிக்கிறது என்றால், முகாம் பையன் உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிய குடும்பங்களில். பிள்ளை 2003இல் பிறந்திருந்தால் தாய் வழியில் இந்தியன். அதன் தம்பி 2006இல் பிறந்திருந்தால், தந்தை படகில் வந்தவர் என்பதால், இல்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்த வீட்டில் விண்ணப்பம் நிரப்பும்போது 'நாட்டினம்' என்ற கட்டத்தில் இரண்டு பேருக்கும் வேறு வேறு எழுத வேண்டியிருக்கிறது.

1987க்கு முன்னாடி பிறந்தவங்களுக்கு ஏன் இன்னும் பாஸ்போர்ட் குடுக்கல?

தானாக யாரும் கொடுக்க மாட்டார்கள், கேட்டு வாங்க வேண்டும். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டார், மறுக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 ஆகஸ்டில், அவர் பிறப்பால் இந்தியக் குடிமகள், பாஸ்போர்ட் கொடுங்கள் என்று உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்கும் அளித்தார். உங்கள் வீட்டில் 1987 ஜூன் 30க்குள் இங்கே பிறந்தவர் இருந்தால் முதலில் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து வையுங்கள். முகாமில் பதிவாகாத பிறப்புகள் உண்டு, அதைத் தாமதப் பதிவாகச் செய்துகொள்ள வழக்கறிஞர் உதவி வேண்டியிருக்கும்.

சி.ஏ.ஏ.வை ரத்து பண்ணிட்டா முகாம் சனத்துக்குக் குடியுரிமை கிடைச்சிடும்தானே?

கிடைக்காது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். சி.ஏ.ஏ. அவர்களுக்கு எதையும் தரவில்லை, அவர்களிடமிருந்து எதையும் எடுக்கவும் இல்லை. அவர்கள் கழுத்தில் கிடக்கும் சுருக்கு அதற்கு முந்தைய 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இருக்கிறது. செல்லத்தக்க பயண ஆவணம் இல்லாமல் நுழைந்தவர் அனைவரும் சட்டவிரோதக் குடியேறி என்று அது வரையறுத்தது. பதிவு மூலமாகவும், நீண்டகால வசிப்பு மூலமாகவும் குடியுரிமை கேட்கும் இரண்டு வழிகளும் அப்படிப்பட்டவருக்கு அடைக்கப்பட்டன. குண்டுவீச்சுக்குத் தப்பி ராத்திரியில் படகேறி அரிச்சல்முனை மணலில் இறங்கியவரிடம் பாஸ்போர்ட்டும் விசாவும் எங்கே இருக்கும்? நாற்பது ஆண்டு இங்கே வாழ்ந்தாலும் சட்டத்தின் கண்ணில் அந்த இரவுதான் கணக்கு.

சி.ஏ.ஏ. செய்தது, அந்தச் சுருக்கிலிருந்து மூன்று நாட்டுக்காரர்களை விடுவித்தது. அதை நாளைக்கே ரத்து செய்தாலும் இலங்கைத் தமிழருக்குச் சுருக்கு அப்படியே இருக்கும். அன்றைய விவாதத்தில் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான். ரத்து செய்யுங்கள் என்று கேட்ட அவை, முகாம் தமிழரைச் சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறையிலிருந்து எடுங்கள் என்று தனியாக, தெளிவாக ஒரு தீர்மானமும் போட்டிருக்க வேண்டும்.

சரி, அப்ப சி.ஏ.ஏ.ல இலங்கையையும் சேர்த்துட்டா முடிஞ்சுதா?

முழுவதும் முடியாது. மத வரிசை அப்படியே இருந்தால் முகாமில் உள்ள இந்துவும் கிறித்தவரும் உள்ளே வருவார்கள், இலங்கை முஸ்லிம் வெளியே நிற்பார். அந்த அநியாயத்தை எதிர்த்துத்தான் தீர்மானமே.

மதம் பேசாத முன்மாதிரி இதே சட்டத்தில் உண்டு. அசாம் ஒப்பந்தத்துக்குப் பிறகு 1985இல் சேர்க்கப்பட்ட 6ஏ பிரிவு, ஒரு மாநிலத்துக்கு மட்டும், குறிப்பிட்ட தேதிக்கு முன் வந்தவர்களுக்குக் குடியுரிமை தர வழி செய்கிறது. ஒரு மாநிலத்துக்கு மட்டும் தனிப் பிரிவா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 அக்டோபர் 17 அன்று 4க்கு 1 என்ற பெரும்பான்மையில் அது செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அசாமுக்கு எழுத முடிந்த பிரிவைத் தமிழ்நாட்டு முகாம்களுக்கும் எழுதலாம்.

2025ல புதுச் சட்டம் வந்து இலங்கைத் தமிழருக்கு விலக்கு குடுத்துட்டதாப் போட்டிருந்தான். இனிப் பயமில்லையே?

குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1946ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டம் உள்பட நான்கு பழைய சட்டங்கள் போயின. அதோடு வந்த விலக்கு ஆணையில், 2015 ஜனவரி 9ஆம் தேதிக்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, ஆவணம் இல்லாமல் நுழைந்ததற்கும் தங்கியதற்கும் தண்டனை கிடையாது என்று சொல்லப்பட்டது. ஜெயில் பயம் குறைந்திருக்கிறது. குடியுரிமை வரவில்லை.

ஆனால் இதைச் சின்ன விஷயமாக விட்டுவிடாதீர்கள். மூன்று நாட்டுச் சிறுபான்மையினருக்கும் முதலில் வந்தது இப்படி ஒரு விலக்குதான்: பாகிஸ்தான், வங்கதேசத்தவருக்கு 2015 செப்டம்பரில், ஆப்கானிஸ்தானியருக்கு 2016இல். அந்த விலக்கின் மேல்தான் 2019இல் குடியுரிமைத் திருத்தம் கட்டப்பட்டது. பதிவு செய்த இலங்கைத் தமிழர் என்று ஒரு வகுப்பையும் தேதியையும் மத்திய அரசே இப்போது எழுதிக்கொடுத்திருக்கிறது. அடுத்த படியைக் கேட்க இதைவிட நல்ல இடம் முன்பு இருந்ததில்லை.

மலையகத் தமிழர் கதை வேறன்னு சொல்றாங்களே, எப்படி?

ஆங்கிலேயர் காலத்தில் திருச்சி, சேலம், ராமநாதபுரம் பக்கமிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள். 1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவானது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். யாரையும் கேட்டுச் செய்த கணக்கு இல்லை அது.

போர் மூண்டு 1984இல் ராமேசுவரம் கப்பல் நின்றபோது, இந்தியா வருவதற்கு எழுதிக்கொடுத்திருந்த குடும்பங்கள் அங்கேயே மாட்டிக்கொண்டன. அவர்களில் சிலர் பிறகு படகில் அகதியாக வந்தார்கள். இந்தியா ஏற்பதாகக் கையெழுத்திட்ட மனிதர்களையே இந்தியச் சட்டம் சட்டவிரோதக் குடியேறி என்கிறது. இப்படிப்பட்ட 65 பேர் தொடுத்த வழக்கில் மதுரைக் கிளை 2019 ஜூனில், அவர்களது விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றது. முகாம் முழுவதற்கும் வழி பிறக்கத் தாமதமாகும் என்றால், இவர்களிலிருந்தாவது தொடங்கலாம்.

ரெட்டைக் குடியுரிமை வாங்கித் தருவோம்னு அறிக்கையில போட்டாங்களே?

அ.தி.மு.க. தொடர்ந்து சொல்லி வந்தது. இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும், அரசமைப்பும் அதே வழிதான். ஒரு வரித் திருத்தத்தில் முடியக்கூடியதை விட்டுவிட்டு மலையைப் பெயர்க்கச் சொல்வது போல இது.

எல்லாருக்கும் இங்க குடியுரிமை குடுத்துட்டா ஈழத்துல தமிழர் எண்ணிக்கை குறைஞ்சிடாதா? நீங்களே அதுக்கு வழி பண்றீங்களே?

தமிழ்த் தேசிய நண்பர்கள் உண்மையான அக்கறையோடு கேட்கும் கேள்வி. ஊரில் காணி இருக்கிறது, உறவு இருக்கிறது, திரும்பிப் போக வேண்டும் என்று சொல்லும் பெரியவர்கள் முகாமில் இருக்கிறார்கள். அவர்களைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை, அவர்கள் பயணத்துக்கும் ஆவணங்களுக்கும் உதவ வேண்டியது இரு அரசுகளின் கடமை. ஆனால் இங்கே பிறந்து, இங்கே பத்தாம் வகுப்பு எழுதி, யாழ்ப்பாணத்தை வாட்ஸ்அப்பில் மட்டும் பார்த்த பெண்ணிடம், இனத்தின் எண்ணிக்கைக்காக நீ நாடற்றவளாகவே இரு என்று நம்மில் யார் சொல்வது? போகிறவர் போகட்டும், இருக்கிறவர் குடிமக்களாக இருக்கட்டும், முடிவை அவரவர் எடுக்கட்டும்.

முகாம்ல ஒருத்தருக்கும் ஓட்டில்ல. அப்புறம் எந்தக் கட்சி இதுக்காக மெனக்கெடும்?

உள்ளூர் அரசியலின் கசப்பான உண்மை இது. முகாம் இருக்கும் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில், மேலே சொன்ன கொட்டப்பட்டுப் பெண்ணைப் போன்ற விதிவிலக்குகள் தவிர, முகாம் பெயர்கள் கிடையாது. அதனால் தண்ணீர்க் குழாய் போடும்போது கடைசியாகத்தான் முகாம் ஞாபகம் வரும். வார்டு உறுப்பினர் நல்லவராக இருந்தால் செய்வார். சி.ஏ.ஏ. விவாதம் இவ்வளவு சூடாக நடந்ததற்குச் சிறுபான்மை வாக்கு ஒரு காரணம், தமிழுணர்வு இன்னொரு காரணம். இரண்டும் முகாமுக்கு வெளியே இருப்பவர்களின் வாக்கு. அப்படியென்றால் முகாமுக்காகக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான், நம்மிடம்தான் ஓட்டு இருக்கிறது.

வேட்பாளர் தெருவுக்கு வர்றப்ப நாங்க என்ன கேட்கணும்?

எம்.எல்.ஏ. வேட்பாளரிடம் 'சி.ஏ.ஏ.வை எதிர்க்கிறீர்களா' என்று கேட்டால் கட்சி சொல்லிக்கொடுத்த பதில் வரும். அதற்குப் பதிலாக, முகாமில் 1987 ஜூன் 30க்குள் பிறந்தவர்களின் பட்டியலை மறுவாழ்வுத் துறையை வைத்து எடுத்து, பாஸ்போர்ட்டுக்கும் வாக்காளர் அட்டைக்கும் அரசே விண்ணப்பிக்க உதவுமா என்று கேளுங்கள். அதற்கு டெல்லி அனுமதி தேவையில்லை. கணக்கெடுப்பு நாளை வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏற்ற ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள்.

எம்.பி. வேட்பாளர் என்றால், எந்தக் கட்சியாக இருந்தாலும், கேள்வி ஒன்றே போதும்: 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழரைச் சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறையிலிருந்து நீக்கத் தனிநபர் மசோதா கொண்டுவருவீர்களா? பா.ஜ.க. வேட்பாளரிடம் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம், அந்தத் தேதியை எழுதியது அவர்களது அரசுதான். பதிலைக் கைபேசியில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.